லார்ட்ஸ் மைதானத்துத் தகராறு

“ஏனுங்க, பொண்ணோட தாய்மாமன் எங்கீங்க? இன்னிக்கும் காணோமே?” என்று மாப்பிள்ளையின் அம்மா சுந்தரம்மாள் கேட்டபோது அன்புக்கரசி காபி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். தொப்பம்பட்டியிலிருந்து திண்டுக்கல் நாகல் நகர் வரைக்கும் கார் பிடித்து வருகிற மாப்பிள்ளை வீட்டார் வெறும் காபி குடித்துவிட்டுப் போகவா வருவார்கள்? முதல் தடவை வந்தபோது அண்ணனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். அடுத்த தடவை, சந்தையில் வேலை என்றாள். இந்தத் தடவை சொல்வதற்குப் பொய் எதுவும் கைவசம் இல்லை. உண்மைதான் இருந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

“எங்க அண்ணனுக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தை இல்லைங்க. ரெண்டரை வருசமாச்சு.”

சுந்தரம்மாள் பக்கத்திலிருந்த தன் நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தாள். “சொத்துத் தகராறுங்களா?”

“இல்லைங்க. கிரிக்கெட்டு.”

“கிரிக்கெட்டுன்னா... சூதாட்டமுங்களா?”

“ஐயையோ, அதெல்லாம் இல்லைங்க. டிவில பாக்குறது. இங்கிலாந்துக்காரனும் ஆஸ்திரேலியாக்காரனும் ஆடுவாங்கள்ல, அது.”

“அதுல நம்மாளுக ஆடறதில்லீங்களா?”

“இல்லைங்க.”

சுந்தரம்மாள் காபியை ஒரு வாய் குடித்தாள். நாத்தனாரும் குடித்தாள். அவர்கள் நம்பவில்லை என்பது அவர்கள் குடித்த விதத்திலேயே தெரிந்தது. நம்புகிற மாதிரியா இருக்கிறது! இடம் விஷயத்தில் தகராறு, கொடுத்த நகையைத் திருப்பித் தரவில்லை, குடித்துவிட்டுக் கைநீட்டிவிட்டான் என்று எதைச் சொல்லியிருந்தாலும் ‘அட, எல்லாக் குடும்பத்துலயும் இருக்கறதுதானுங்க’ என்று தலையாட்டியிருப்பார்கள். இதைச் சொன்னால் எதையோ பெரிதாக மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். ஒருவேளை பெண்ணைப் பற்றியே ஏதாவது இருக்குமோ, அதனால்தான் மாமன்காரன் ஒதுங்கி நிற்கிறானோ என்றுகூட நினைப்பார்கள்.

அன்புக்கரசி எப்படியாவது சமாளித்திருப்பாள். அதற்குள் உள் அறையிலிருந்து அவள் புருஷன் முத்துச்சாமி வெளியே வந்தார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். சும்மா வந்து உட்கார்ந்திருக்கலாம். ‘வாங்க’ என்று சொல்லியிருக்கலாம். அவர் சுந்தரம்மாளைப் பார்த்து, நிதானமாக, “அது அவுட்டுதாங்க” என்றார்.

கிளம்பும்போது சுந்தரம்மாள் அன்புக்கரசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கெட்டவள் இல்லை. “எனக்கு ஒண்ணுமில்லீங்க. எங்கூட்டுப் பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க. ஞாயித்துக்கெழமை நாங்க பூ வைக்க வரும்போது தாய்மாமன் முன்னால நின்னு தட்டு வாங்கோணும். இல்லீனா பேச்சைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாமுங்க” என்றாள். தள்ளிப்போட்ட பேச்சு எங்கே போய் நிற்கும் என்று இருவருக்கும் தெரியும். அவர்களும் பூர்வீகத்தில் அன்புக்கரசி வகையறாதான். மூன்று தலைமுறைக்கு முன்னால் பழனிப் பக்கம் போய்ப் பேச்சு மாறிவிட்டதே தவிர, தாய்மாமன் முறையில் எதுவும் மாறவில்லை. மாப்பிள்ளை செழியனும் பெண் பவித்ராவும் தாங்களே பார்த்துப் பிடித்துப்போய், இரண்டு வீட்டையும் கெஞ்சிக் கூத்தாடி இந்த அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்ட பவித்ரா அப்பாவை ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடம்தான் வந்தாள். “மாமாவ எப்படியாச்சும் கூட்டிட்டு வந்துரும்மா. இவங்க போயிட்டா நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன், பாத்துக்க” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அன்புக்கரசிக்கு.

கல்யாணமான புதிதில் இந்த இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்ததுபோலத்தான் திரிந்தார்கள். அவள் அண்ணன் ஒச்சப்பன் அய்யலூரில் ஆட்டுத் தரகர். முத்துச்சாமி அய்யலூருக்கு வந்தால், ‘வாங்க மாப்ள’ என்று பஸ் நிறுத்தத்திலேயே போய் நின்று கூட்டிவருவார். ஒரு ஆடிக்கு விருந்துக்குப் போயிருந்தபோதுதான் இந்தச் சனியன் பிடித்தது. பவித்ராவுக்கு அப்போது நாலு வயது. இந்தியா ஆடாத நாள். டிவியில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடுகிற ஆஷஸ் ஓடிக்கொண்டிருந்தது. “சும்மா பாத்தா என்ன மாப்ள இருக்கு? ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்குவோம்” என்றார் ஒச்சப்பன். முத்துச்சாமி ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்தது இங்கிலாந்து. அவ்வளவுதான் விஷயம். பொங்கலுக்குக் கரும்பைப் பங்கு பிரிப்பதற்குக்கூட இதைவிட அதிக நேரம் யோசிப்பார்கள்.

அந்த ஆட்டம் போகப் போக இரண்டு பேரும் பாயிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் கடைசி ஜோடி ஒவ்வொரு ரன்னாகச் சேர்த்து இலக்குக்குப் பக்கத்தில் வந்து, வெறும் இரண்டு ரன்னில் தோற்றது. கடைசி ஆளின் கையுறையில் பட்ட பந்தைப் பிடித்துவிட்டார்கள். திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியதில், பந்து படும்போது அந்தக் கை மட்டையிலேயே இல்லை என்று தெரிந்தது. “கை மட்டைய விட்டுருச்சு மச்சான், அது எப்புடி அவுட்டு? மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க” என்று முத்துச்சாமி குதித்தார். “அம்பயர் வெரலத் தூக்கிட்டாரு மாப்ள. அதுக்கு மேல பேச்சே கெடையாது” என்று ஒச்சப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கறிச்சோறு தின்றுவிட்டு அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு இருவரும் பழைய கதைகளை எல்லாம் தேடித் தேடிப் படித்தார்கள். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்திரண்டில் இங்கிலாந்து சொந்த மண்ணில் தோற்றதும், இங்கிலாந்துக் கிரிக்கெட் செத்துவிட்டது என்று பத்திரிகைக்காரன் கேலியாக மரண அறிவிப்பு போட்டானாம். பிறகு அதன் சாம்பல் என்று சொல்லி ஒரு சின்னக் கலயத்தை இங்கிலாந்துக் கேப்டன் கையில் கொடுத்தார்களாம். அதற்காகத்தான் இத்தனை வருஷமாக அடித்துக்கொள்கிறார்களாம். விரலளவு கலயம்! ‘நீங்க எங்காளுக ஒடம்பக் குறிவச்சுப் பந்து போட்டவங்கதான’ என்று முத்துச்சாமி தொண்ணூறு வருஷத்துப் பழியைத் தூக்கி மச்சான் தலையில் போடுவார். ஒச்சப்பன் உண்மையிலேயே கூனிக் குறுகி, ‘அது எங்க மேல தப்புதான் மாப்ள’ என்பார். எங்காளுகளாம், எங்க மேலயாம்! ஒச்சப்பன் வடமதுரைக்கு அந்தப் பக்கம் போய்வந்தாலே பயணக்களைப்பு என்று படுத்துக்கொள்கிற ஆள். அன்புக்கரசி இதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் சமைத்தாள், துவைத்தாள், பிள்ளையை வளர்த்தாள். கேட்க மாட்டேன் என்றாலும் காது என்ன செய்யும்?

பிறகு வந்தது லார்ட்ஸ். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வீட்டுக் கூடம். ஓவரின் கடைசிப் பந்தைக் குனிந்து விட்டுவிட்ட இங்கிலாந்துக்காரன், முடிந்தது என்று நினைத்துக் கோட்டைத் தாண்டி நடந்தான். பின்னால் நின்ற ஆஸ்திரேலியக் கீப்பர் பந்தை வீசி ஸ்டம்பைச் சாய்த்தான். அவுட் கொடுத்துவிட்டார்கள். “இது மொறையா மாப்ள?” என்றார் ஒச்சப்பன். “கோட்ட விட்டு வெளிய வந்தா அவுட்டு. ரூல்னா ரூல்தான்” என்றார் முத்துச்சாமி. கிடாயைப் பேசி முடித்துக் கையை எடுத்த பிறகு விலையைக் கூட்டிக் கேட்பதற்குச் சமம் இது என்றார் ஒருவர். வண்டி நகர்வதற்கு முன்னால் ஏறாதவன் பயணியே கிடையாது என்றார் மற்றவர். லண்டனில் கோட்டு போட்ட பெரிய மனிதர்களே கத்திக்கொண்டிருந்தார்கள். அய்யலூரில் கேட்க வேண்டுமா? “டிக்கெட் இல்லாதவன் எவன் மாட்டுவான்னு அலையிற புத்தி வேற எப்புடிய்யா பேசும்!” என்று ஒச்சப்பன் வாயை விட்டார். “தரகு வாங்கித் திங்கிற வாயி மொறையப் பத்திப் பேசுதோ?” என்று முத்துச்சாமி திருப்பிக் கொடுத்தார். ஈரல் வறுவல் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர்தான். நீங்களாக அது தப்பு என்று சொல்லும்வரை உங்கள் வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று ஒச்சப்பன் சொந்தபந்தம் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சொந்தபந்தம் சும்மா இருக்குமா? ஒச்சப்பன் மகனையே முத்துச்சாமி டிக்கெட் இல்லையென்று பிடித்து அபராதம் போட்டுவிட்டார் என்று ஒரு கதை கட்டிவிட்டது. அதை எல்லாரும் நம்பினார்கள்.

வியாழக்கிழமை விடிவதற்கு முன்னாலேயே அன்புக்கரசி திருச்சி பஸ் பிடித்து அய்யலூர்ச் சந்தையில் போய் இறங்கினாள். ஆடுகளின் கத்தலும் வேன்களின் ஹாரனும் காதைப் பிளந்தன. ஒச்சப்பன் ஒரு வியாபாரியின் கையைத் துண்டால் மூடி, உள்ளே விரல்களைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார். வாய் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தது, பேச்செல்லாம் விரலில். தங்கையைப் பார்த்ததும் கண் மலர்ந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. அவர் முடித்துவிட்டு வரும்வரை ஆட்டுப் புழுக்கையை மிதித்தபடி அவள் நின்றிருந்தாள்.

“என்னத்தா இம்புட்டு வெள்ளன? வா, டீ குடிப்பம்.”

“டீயும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஞாயித்துக்கெழம பவித்ராவுக்குப் பூ வைக்க வாராங்க. நீ வந்து தட்டு வாங்கணும்.”

ஒச்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். மருமகள் பெயரைக் கேட்டதும் அவர் முகம் இளகியதை அவள் பார்த்தாள். பவித்ரா பெரிய மனுஷியானபோது சீர்த்தட்டு வரிசையைத் தெருமுனை வரைக்கும் நீட்டிக் கொண்டுவந்த மனுஷன். “வரக்கூடாதுன்னா இருக்கேன்? மாப்ளய ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. அன்னைக்கு அவங்க செஞ்சது மொறை இல்லன்னு. அம்புட்டுத்தேன். அடுத்த பஸ்ல வாரேன்.”

“எவங்க செஞ்சது?”

“ஆஸ்திரேலியாக்காரங்க.”

அன்புக்கரசி தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் கிடாய்க்குப் பல் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். “ஏண்ணே, ஒனக்கு அறிவிருக்கா? அந்த இங்கிலாந்துக்காரனுக்கு ஒன்னத் தெரியுமா? நீ ஒருத்தன் இங்க சோறு தண்ணி இல்லாமக் கெடந்தன்னு அவனுக்குத் தெரியுமா? அடிச்சுக்கிட்டவனுக ரெண்டு பேரும் அடுத்த மாசமே ஒண்ணா ஒக்காந்து தின்னுருப்பானுக. எம் புள்ள வாழ்க்க நடுத்தெருவுல நிக்கிது! இந்தா, நான் சொல்றேன். ஆஸ்திரேலியாக்காரன் செஞ்சது தப்பு. போதுமா? கால்ல விழணுமா?”

“நீ சொன்னா செல்லாதுத்தா” என்றார் அவர், கொஞ்சம்கூடக் கோபமில்லாமல். “ரெண்டு பேரு வெல பேசயில மூணாவது கை துண்டுக்குள்ள வரலாமா? நீ எந்தப் பக்கமும் இல்லையே.”

அன்புக்கரசி விடவில்லை. “அப்ப அந்த ஆடிக்கு என்ன சொன்ன? கடைசி ஆளு கை மட்டையிலயே இல்ல, ரெண்டே ரன்னுல ஜெயிச்சீங்கள்ல, அப்ப அம்பயர் வெரலத் தூக்கிட்டாரு பேச்சே கெடையாதுன்னு சொன்னது யாரு? அன்னைக்கு மனசாட்சி பேசுனது அவரு, ரூல் பேசுனது நீ. இப்பப் பேச்ச மாத்திக்கிட்டீங்க ரெண்டு பேரும். வெக்கமா இல்ல?”

ஒச்சப்பன் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். ஒரு கணம், கொஞ்சம் வெட்கப்படுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவர் முகமெல்லாம் சிரிப்பு பரவியது. “ஏத்தா! ஒனக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கா? நீ அடுப்படியில இருந்தேன்னுல்ல நெனச்சேன்! அந்தக் கேட்ச்சப் பாத்தியா நீ?” என்றார். அவருக்கு அம்புட்டு சந்தோஷம். அன்புக்கரசி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். பின்னால் அவர் டீ, டீ என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தது கேட்டது.

வீட்டுக்கு வந்தால், முத்துச்சாமி லீவு போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். பெண்ணுக்குப் பூ வைக்கிற வேலை தலைக்குமேல் கிடக்கிறதே என்று லீவு போட்டதாக ஊருக்குச் சொல்லியிருந்தார். பிரிஸ்பேனில் ஆஷஸ் ஆட்டம், முதல் நாள். அவள் அய்யலூரில் நடந்ததைச் சொன்னாள். முழுக்கக் கேட்டார், விளம்பரம் ஓடிக்கொண்டிருந்ததால்.

“அவரு வரட்டுமே, நானா வேணாம்னேன்? அதுக்காக அவுட்ட அவுட்டு இல்லன்னு எப்புடிச் சொல்றது?”

“சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லுங்களேன். நம்ம பவித்ராவுக்காக.”

“ஒரு தடவ அப்புடிச் சொல்லிட்டா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாரு, ஒனக்குத் தெரியாது.”

தெரியாதாம்! அவள் முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு வந்து அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உருவினாள். யாரிடம் போய்ச் சொல்வாள் இதை? இரண்டு பேரில் ஒருத்தராவது அயோக்கியராக இருந்திருந்தால் பஞ்சாயத்து கூட்டி உட்காரவைத்துத் திட்டலாம். இரண்டும் நல்ல மனிதர்கள். அவள் பெண்ணுக்காக உயிரைக் கேட்டால் தருவார்கள். ஒரு வார்த்தையைக் கேட்டால் தரமாட்டார்கள். நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் ஆறவே இல்லை.

பவித்ரா தான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, பையைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்றாள். அப்போது டிவியில் பெரிய கைதட்டல். முத்துச்சாமி எழுந்து நின்றார். இங்கிலாந்துக்காரன் ரூட் நூறு அடித்துவிட்டான். உலகம் பூரா எத்தனையோ நூறு அடித்தவன், ஆஸ்திரேலியாவில் மட்டும் ஒன்றுகூட அடித்ததில்லை. ஒவ்வொரு தொடருக்கும் வருவான், ஒவ்வொரு தடவையும் முத்துச்சாமி மச்சானைப் படுத்தி எடுப்பார்: ‘எங்க மண்ணுல அடிக்கச் சொல்லுங்க பாப்பம்!’

“அடிச்சுட்டான்யா” என்றார் முத்துச்சாமி. குரலில் தோற்ற கவலை எதுவும் இல்லை. கைலியை அவிழ்த்துக் கட்டினார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மேஜைமேல் கிடந்த ஃபோனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு யாருக்கென்று இல்லாமல், “மச்சான் அங்க என்ன பண்ணிக்கிட்டிருக்காரோ” என்றார்.

அன்புக்கரசிக்கு நெஞ்சு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. வந்தது எல்லாம் கோபம்தான். இந்தத் திண்டுக்கல் ஜில்லாவிலேயே இந்த நூறைப் பற்றிப் பேச இவருக்கு ஒரே ஓர் ஆள்தான் உண்டு. அவருக்கும் அப்படியே. இது தெரிந்துகொண்டே இரண்டரை வருஷமாக இரண்டும் முறைத்துக்கொண்டு கிடக்கின்றன. அவள் கீரையைத் தள்ளிவிட்டு எழுந்துவந்து ஃபோனை எடுத்து, அண்ணன் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, புருஷன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

மணி அடித்து முடிவதற்குள் ஒச்சப்பன் எடுத்துவிட்டார். அங்கேயும் டிவி ஓடியது. இங்கே ஓய்ந்துபோன கைதட்டல் அங்கே இப்போதுதான் கேட்டது. அவர் வீட்டு டிவியில் இன்டர்நெட் வழியாக வருகிற படம், கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

“ஏத்தா” என்றார் ஒச்சப்பன், கைதட்டல் அடங்கியதும். “மாப்ள பாத்தாராமா?”

முத்துச்சாமி அவளைப் பார்த்து, “பாத்தேன்னு சொல்லு” என்றார்.

“பாத்தாராம்.”

“என்ன சொன்னாரு?”

“நல்ல ஆட்டம்னு சொல்லு.”

“ஞாயித்துக்கெழம பத்தரைக்குப் பூ வைக்க வாராங்க” என்றாள் அன்புக்கரசி. “யாரு பேசுவீங்களோ, யாரு எதை ஒத்துக்குவீங்களோ எனக்குத் தெரியாது. தட்டு வாங்க ஆளு வேணும். வாரியா, இல்லையா?”

“ஞாயித்துக்கெழமயா?” என்று ஃபோனிலிருந்து வந்தது. அதே நேரம் முத்துச்சாமியும், “ஞாயித்துக்கெழமல்ல!” என்று நெற்றியில் தட்டிக்கொண்டார்.

“நாலாம் நாளு ஆச்சே” என்றார் ஒச்சப்பன். “ஒம்பதரைக்கு ஆட்டம். மொத செசன் பூரா போயிருமே.”

“போன ஆட்டம் பெர்த்துல மாதிரி ரெண்டே நாள்ல சுருட்டிருவாங்கன்னு நெனச்சுல்ல சரின்னேன்” என்றார் முத்துச்சாமி, ஃபோனைப் பார்த்து.

“யாரு, எங்காளுகளயா? இனி சுருட்டச் சொல்லுங்க பாப்பம்!”

“ஒத்த நூறுக்கு இம்புட்டுப் பேச்சா? இன்னும் பத்து இன்னிங்ஸு ஆடட்டும் மச்சான், பேசுவம்.”

“அந்த உள் ரூம்ல ஒரு டிவி இருந்துச்சே, ஓடுதா?”

“ஓடும். சவுண்டுதான் வராது.”

“சவுண்டு எதுக்கு? மாப்பிள்ள வீட்டுக்காரங்களுக்குக் கேட்டாத்தான் வம்பு.”

கதவோரம் நின்ற பவித்ரா, அம்மாவைப் பார்த்து வேகமாகக் கையை ஆட்டினாள்: வைத்துவிடாதே, வைத்துவிடாதே. வாரேன் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. தப்பு என்று இவரும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. மறுபடி எந்த நிமிஷம் லார்ட்ஸ் வந்து விழுமோ என்று அன்புக்கரசிக்குப் பதைத்தது. இரண்டு மண்டையையும் சேர்த்துப் பிடித்து முட்டலாம்போல இருந்தது. நீட்டிப் பிடித்த கை தோள்வரை கடுத்தது. அவள் ஃபோனை மெதுவாக மற்றொரு கைக்கு மாற்றினாள். முத்துச்சாமி அதைக் கவனிக்காமலேயே, பேச்சை விடாமல், அந்தக் கைப்பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.